இலங்கை ஹோட்டன் சமவெளி ஓடைகள்ல ட்ரவுட் மீன் பிடிக்க அனுமதி குடுக்கலாமா?

கொட்டகலை_தம்பி:
எங்க சின்னண்ணன் கனடாவுல, ஒன்டாரியோ போர்ட் ஹோப் பக்கம் இருக்காரு. அங்க கனரஸ்கா ஆத்துல வசந்தத்துல ஸ்டீல்ஹெட் ஏறும், செப்டெம்பர்ல சினூக் சால்மன் ஏறும். லைசென்ஸ் எடுத்துக்கிட்டு ஊரே தூண்டிலோட நிக்குமாம். ஸ்டீல்ஹெட்னா வேற மீன் இல்ல, ஹோட்டன் சமவெளியில இருக்கிற அதே ரெயின்போ ட்ரவுட்தான். வெள்ளைக்காரத் துரைமார் 1880கள்ல நுவரெலியாவுக்கு ட்ரவுட் கொண்டுவந்ததே தூண்டில் போடத்தானே? நம்ம ஓடைகளையும் மூணு மாசம் தூண்டிலுக்குத் திறந்துவிட்டா நம்ம பொடியன்களுக்கு வழிகாட்டி வேலையாவது கிடைக்கும்.

நுவரெலியா_வாசி:
1988லருந்து ஹோட்டன் சமவெளி தேசிய பூங்கா. மகாவலி, களனி, வளவை மூணு ஆத்துக்கும் தண்ணி அந்தப் பக்கத்துலருந்துதான் போகுது. அதுல கை வைக்கக் கூடாது.

டொரொண்டோ_மலையகன்:
தம்பி, நானும் அந்த ஆத்தங்கரையில நின்னவன்தான். அங்க ஏறி வர்ற மீன் ஒன்டாரியோ ஏரியில தின்னு வளர்ந்தது. ஏரி வளர்க்குது, ஆறு முட்டைக்கு இடம் குடுக்குது. நம்ம ஓடைக்கு அப்படி ஏரி எங்க? கீழ இறங்கினா தண்ணி சூடு, ட்ரவுட் தாங்காது. ஏறி வர்றதுக்குக் கூட்டமே இல்ல, இருக்கிறது அதே கொஞ்ச மீன்தான்.

சீசன்கிறது பிடிக்கிறதுக்கு மட்டும் இல்ல, விடுறதுக்கும்தான். அங்க கனரஸ்காவோட மேல்பக்க ஓடைகள்ல ஏப்ரல் நாலாவது சனிக்கிழமை வரைக்கும் தூண்டில் போட முடியாது. ஏன்னு ஒரு தடவை கண்ணால பார்த்தேன். பொட்டை ஸ்டீல்ஹெட் ஒண்ணு ஒருக்களிச்சுப் படுத்து வாலால கூழாங்கல்லை அடிச்சு அடிச்சு ஒரு பள்ளம் பறிச்சுது. கொத்தமல்லி அளவுல செம்மஞ்சள் முட்டை. அதுக்கு மேல கல்லைத் தள்ளி மூடிருச்சு. கரையிலருந்து பார்த்தா வெறும் கல்லுதான், பூட்ஸோட ஒருத்தன் நடந்தா எல்லாம் நசுங்கிப் போகும். சினூக் முட்டை போட்டதும் செத்துரும், ஸ்டீல்ஹெட் பொழைச்சு ஏரிக்குத் திரும்பி இன்னொரு வருஷமும் வரும். அதை விட்டுவைக்கத்தான் அந்தத் தேதி.

பதுளை_மாஸ்டர்:
அண்ணே, நான் தம்பி பக்கம்தான், ஆனா காரணம் வேற. ட்ரவுட் வெளியிலருந்து வந்த மீன். உலகத்துல வேற எங்கயும் இல்லாத ஒரு நன்னீர் இறால் அந்தச் சமவெளி ஓடையில இருக்கு, ட்ரவுட்டுக்கு அது இரை. முட்டை நசுங்கினா நசுங்கட்டும், சீசனே வேணாம், வருஷம் பூரா பிடிக்க விடுங்க.

நுவரெலியா_வாசி:
மாஸ்டர், காசு கட்டி வர்றவன் மீன் குறையுறதுக்குச் சம்மதிப்பானா? அடுத்த வருஷமே ஓடையில புதுசா ட்ரவுட் குஞ்சு விடச் சொல்லுவான். அதுவும் இறாலைத்தான் தின்னும். குறைக்கணும்னா பூங்கா அதிகாரிங்க குறைக்கட்டும்.

கொட்டகலை_தம்பி:
குஞ்சு விடுற பேச்சை நான் எடுக்கல. இறால் விஷயம் எனக்குத் தெரியாது, அந்த ஓடையை விட்டுருவோம். பூங்கா எல்லைக்கு வெளியில, அக்கரப்பத்தனைப் பக்கம் ஆக்ரா ஓயா ஆத்துல தூண்டில் போடக் கேட்டா அப்பவும் வேணாம்னுதான் சொல்லுவீங்களா?

டொரொண்டோ_மலையகன்:
அங்க ரெண்டு கரையிலயும் தோட்டத்துக்கு மருந்தடிக்கிறாங்க, தம்பி. முதல்ல அந்தத் தண்ணியில என்ன மீன் மிச்சம் இருக்குன்னு ஊர்க்காரங்கள்ட்ட கேட்டு எழுது, அப்புறம் பேசுவோம்.