உதவி: காட்டுத்தீயில் மாந்தோப்பும் மாட்டுக் கொட்டாயும் கருகிவிட்டன, மனு எங்கே கொடுப்பது?

கரட்டோரம்:
அவசரம். மலையில் பிடித்த தீ நேற்று ராத்திரி காற்றோடு இறங்கி எங்கள் தோப்புக்குள் வந்துவிட்டது. கொட்டாய் போச்சு, சொட்டுநீர்க் குழாய் எல்லாம் உருகி ஒட்டிக்கொண்டது, மரங்கள் ஒரு பக்கமாகக் கருகி நிற்கின்றன. ஒரு அலுவலகத்தில் கேட்டால் இன்னொரு அலுவலகத்தைக் கைகாட்டுகிறார்கள். எங்கே மனு கொடுக்க வேண்டும்? நாளைக்கு ஆள் வைத்து மரத்தை வெட்டி இடத்தைச் சுத்தம் செய்யலாம் என்று இருக்கிறோம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராகிக்களம்:
எந்த ஊர், எந்த வட்டம்? பட்டா நிலமா, புறம்போக்கா? ஆளுக்கு, மாட்டுக்கு ஏதாவது ஆச்சா?

தொப்பையாறு:
தீ அணைந்துவிட்டதா இல்லையா? அதை முதலில் சொல்லுங்கள். காய்ந்த மூங்கில் புதரும் பட்டுப்போன மரத்தின் பொந்தும் உள்ளுக்குள்ளேயே நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மத்தியானக் காற்று வந்தால் மறுபடி பிடிக்கும். இன்னும் புகை தெரிந்தால் 101 அல்லது 112 அழையுங்கள், வனச்சரக அலுவலகத்துக்கும் சொல்லுங்கள். நீங்களாகச் சரிவில் ஏறி அணைக்கப் போகாதீர்கள். தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஓடும். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்கள் சரிவில் சிக்கி இறந்ததை மறந்துவிடக் கூடாது.

வனக்கதிர்:
வனத்துறையிடம் மனு கொடுங்கள். யானை பயிரை மிதித்தால் அவர்கள்தானே இழப்பீடு தருகிறார்கள். காட்டில் இருந்து வந்தது தீயாக இருந்தாலும் யானையாக இருந்தாலும் பொறுப்பு அவர்களுடையதுதான். இதற்கெல்லாம் மூலகாரணம் காட்டில் மண்டிக்கிடக்கும் உண்ணிச்செடி என்ற களைப்புதர். பத்தடி உயரத்துக்குக் காய்ந்து நிற்கிறது. அதை வெட்டாமல் வைத்திருப்பதால்தான் தரையில் போக வேண்டிய தீ மரத்துக்கு ஏறுகிறது. மனுவில் இதையும் எழுதுங்கள்.

கோட்டாட்சி:
இந்த மன்றத்தில் எத்தனை தடவை இதை விளக்கியிருக்கிறேன். தேடிப் படித்துவிட்டுக் கேள்வி கேட்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. யானை சேதத்துக்கு வனத்துறை தருவது வனவிலங்கு இழப்பீடு. தீ அதில் வராது. தீ என்பது பேரிடர் நிவாரணப் பட்டியலில் உள்ள ஒன்று, அது வருவாய்த் துறை வழி: கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர். இவ்வளவுதான். விவரம் இல்லாமல் கேள்வி போட்டால் பதிலும் அரைகுறையாகத்தான் வரும்.

ராகிக்களம்:
ஐயா, கொட்டாய் எரிந்து நிற்கிற மனுஷன். கொஞ்சம் பொறுமையாகச் சொல்லலாமே.

கரட்டோரம்:
பாலக்கோடு வட்டம், காப்புக்காட்டை ஒட்டி. பட்டா நிலம், அப்பா பேரிலும் சித்தப்பா பேரிலும் கூட்டுப் பட்டா. தீ இப்போது அணைந்துவிட்டது. ஆளுக்கு ஒன்றும் இல்லை. ஒரு ஆடு செத்துவிட்டது, மாட்டுக்கு மடி வெந்திருக்கிறது, கிட்டே போனால் உதைக்கிறது. அம்மா மஞ்சளும் நல்லெண்ணெயும் பூசியிருக்கிறார்.

கால்நடைத்தோழி:
இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும் தம்பி. உடனே 1962 அழையுங்கள், நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி. அம்மாவிடம் மஞ்சளும் எண்ணெயும் மேலே பூச வேண்டாம் என்று சொல்லுங்கள். எண்ணெய் சூட்டைத் தோலுக்குள்ளேயே பிடித்து வைக்கும், மருத்துவர் வந்து காயத்தின் ஆழத்தைப் பார்க்கவும் முடியாது. ஐஸ் வேண்டாம். சுத்தமான குளிர்ந்த நீரை மெதுவாக ஊற்றுங்கள். நிழலில் கட்டி, குடிக்கத் தண்ணீர் வையுங்கள். காம்பில் பால் தேங்கினால் மடிவீக்கம் வரும், கறக்கவும் விடாது. அதனால் மருத்துவர் இன்றைக்கே பார்த்தாக வேண்டும். புகையில் நின்ற மாடு நன்றாக இருப்பது போலத் தெரிந்து பிறகு இருமத் தொடங்கும். மற்ற மாடுகளையும் காட்டுங்கள்.

செத்த ஆட்டைப் புதைக்காதீர்கள். மருத்துவர் பார்த்துச் சான்று கொடுத்த பிறகு புதையுங்கள். அந்தச் சான்று இல்லாமல் ஆட்டுக்கு நிவாரணம் கேட்க முடியாது.

கோட்டாட்சி:
இப்போது விவரம் வந்துவிட்டது, முழுதாகச் சொல்கிறேன். 2022-26 காலத்துக்கான மாநிலப் பேரிடர் நிவாரண நிதி விதிமுறையில் ஆட்டுக்கு 4,000 ரூபாய், கறவை மாடு இறந்தால் 37,500. வீட்டோடு சேர்ந்த மாட்டுக் கொட்டகைக்கு 3,000. மா மாதிரி பல்லாண்டுப் பயிர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதமானால் ஹெக்டேருக்கு 22,500, அதிகபட்சம் இரண்டு ஹெக்டேர். மனு கொடுத்ததும் தானாக வந்துவிடும் பணம் இல்லை இது. கிராம நிர்வாக அலுவலரும் தோட்டக்கலைத் துறையும் சேர்ந்து நிலத்தை நேரில் பார்த்துப் புலத்தணிக்கை செய்து, அறிக்கை மேலே போக வேண்டும். அடங்கலில், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கில், மா என்று ஏறியிருக்கிறதா பாருங்கள். பல இடங்களில் பழைய பயிரே தொடர்ந்துகொண்டிருக்கும். கூட்டுப் பட்டா என்பதால் சித்தப்பாவிடம் ஒப்புதல் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மல்கோவா:
அண்ணா, மரத்தை வெட்டாதீர்கள்! நாளைக்கு ஆள் வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். இலை கருகினால் மரம் செத்தது என்று அர்த்தம் இல்லை. ஒவ்வொரு மரத்திலும் அடிமரத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில் கத்தி நுனியால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக ஈரம் தெரிந்தால் அந்தப் பக்கம் உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்து, நார்நாராகப் பெயர்ந்து வந்தால் அந்தப் பக்கம் போய்விட்டது. சுற்றிலும் பழுப்பு என்றால்தான் மரம் தேறாது. உங்களுக்கு ஒரு பக்கம்தான் கருகியிருக்கிறது என்கிறீர்கள். நிறைய மரம் பிழைக்க வாய்ப்பு இருக்கிறது.

நிழல் போனதால் வெயில் பட்டு மிச்சப் பட்டையும் வெடிக்கும். அடிமரத்துக்கும் பெரிய கிளைக்கும் நீர்த்த சுண்ணாம்பு அடியுங்கள். பட்டை உரிந்த இடத்துக்குப் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கப் போர்டோ பசை: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) ஒரு கிலோவை ஐந்து லிட்டர் தண்ணீரிலும் சுண்ணாம்பு ஒரு கிலோவை ஐந்து லிட்டரிலும் தனித்தனியாகக் கரைத்து, பிறகு சேர்க்க வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது, பிளாஸ்டிக் வாளி போதும். உரம் இப்போது வேண்டாம். தண்ணீர் மட்டும் அளவாக. கோடை மழைக்குப் பிறகு எங்கே துளிர் வருகிறதோ அதைப் பார்த்துக் கவாத்து செய்யலாம். என்ன ரகம், என்ன வயது?

கரட்டோரம்:
பெங்களூரா. அப்பா வைத்தது. காய் எலுமிச்சை அளவு இருந்தது, எல்லாம் கொட்டிவிட்டது.

செயற்கைக்கோள்:
தீ காட்டில் இருந்து வந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டாமா? நாசாவின் தீ வரைபடத்தில் நேற்றைய தேதியைப் போட்டுப் பாருங்கள், உங்கள் பக்கத்தில் சிவப்புப் புள்ளி இருக்கும். இந்திய வன ஆய்வு நிறுவனமும் இதே செயற்கைக்கோள் தரவில் இருந்துதான் வனத்துறைக்கு எச்சரிக்கை அனுப்புகிறது. அச்செடுத்து மனுவோடு இணையுங்கள். எல்லோரும் இதைச் செய்யத் தொடங்கினால் யாரும் மறுக்க முடியாது.

கோட்டாட்சி:
அந்தப் புள்ளி 375 மீட்டர் சதுரம், பழைய கருவி என்றால் ஒரு கிலோமீட்டர். இவர் தோப்புக்குள் தீ வந்ததா என்று அது எப்படிச் சொல்லும்? வேலி எது, காடு எது என்று அதற்குத் தெரியாது. கைப்பேசியில் இடக்குறியோடு படம் எடுக்கச் சொல்லுங்கள், அதுதான் செல்லும்.

செயற்கைக்கோள்:
எந்தத் தேதியில் மலையில் தீ இருந்தது என்பதற்காவது அது சாட்சிதானே. துணை ஆவணம் என்றுதான் சொன்னேன்.

மலைப்பட்டி:
உண்ணிச்செடி, செயற்கைக்கோள் எல்லாம் இருக்கட்டும். மாடு மேய்ந்த காலத்தில் புல் இடுப்பளவு நின்றதா? காட்டுக்குள் பட்டி போட்டு ஆலம்பாடி மாடு வளர்த்த குடும்பம் எங்களுடையது. மேய்ச்சலை நிறுத்தினார்கள், எரிவதற்கு ஏகப்பட்ட புல் சேர்ந்துவிட்டது.

வனக்கதிர்:
உண்ணிச்செடியை எந்த மாடு மேய்கிறது? புதுப்புல் வரட்டும் என்று தீ வைப்பதும் மாடு வைத்திருப்பவர்கள்தான்.

மலைப்பட்டி:
யாரோ ஒருவர் செய்ததை எங்கள் எல்லோர் தலையிலும் கட்டாதீர்கள். தேன் எடுக்க வைத்த புகை, வரப்பில் வைத்த நெருப்பு, அணைக்காமல் போட்ட பீடி, இத்தனையும் இருக்கிறது. தீத்தடுப்புக் கோட்டைத் தை மாதத்திலேயே வெட்டினால் பாதி தீ ஊருக்குள் வராது. அந்த வேலைக்கு எங்களைத்தான் கூப்பிடுவார்கள், எந்தப் பள்ளத்தில் காற்று திரும்பும் என்று எங்களுக்குத் தெரியும்.

தொப்பையாறு:
2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் எல்லாக் காட்டிலும் மேய்ச்சலுக்குத் தடை போட்டு, அதே மாதம் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. அந்த நவம்பரில் காவிரி தெற்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அதனால் நம் மாவட்டத்தில் இது பெரிய பேச்சு. ஆனால் இந்த இழையில் வேண்டாம். மேய்ச்சலுக்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

ராகிக்களம்:
கரட்டோரம் அண்ணா, கொட்டாயில் காகிதம் ஏதாவது வைத்திருந்தீர்களா? எரிந்திருந்தால் பட்டா, சிட்டாவை இணையத்தில் எடுக்கலாம். மற்றவற்றுக்குக் காவல்துறை இணையதளத்தில் ஆவணம் தொலைந்ததற்கான பதிவு போடலாம். மின்கம்பி தொங்கினால் தொடாதீர்கள், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தை அழையுங்கள், 94987 94987. சொட்டுநீருக்குச் சிறு குறு விவசாயி என்றால் 100 சதவீத மானியம். ஏற்கெனவே வாங்கியிருந்தால் மறுபடி கிடைக்குமா என்று தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள்.

கால்நடைத்தோழி:
மாடு எப்படி இருக்கிறது? மருத்துவர் வந்தாரா?

மல்கோவா:
மரத்தை வெட்டிவிட்டீர்களா? அதையாவது சொல்லுங்கள் அண்ணா.

கரட்டோரம்:
மன்னிக்கவும், சார்ஜ் இல்லை. மருத்துவர் வந்தார், களிம்பு கொடுத்தார், ஊசி போட்டார். கறக்க விடுகிறது. ஆட்டுக்குச் சான்று தந்தார். மரம் வெட்டவில்லை. சுரண்டிப் பார்த்ததில் வேலியோரத்து வரிசை மட்டும் சுற்றிலும் பழுப்பு, மற்றதில் பச்சை இருக்கிறது. மனு கொடுத்து ரசீது வாங்கிவிட்டேன். அடங்கலில் துவரை என்று இருக்கிறது.

கோட்டாட்சி:
மா நிற்கும் இடத்தில் துவரையா. புலத்தணிக்கைக்கு வரும் முன்பே அடங்கல் திருத்தத்துக்குத் தனி மனு கொடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் ஒரு நகல் கொடுத்து வையுங்கள். மனு வாசகம் நான் எழுதித் தருகிறேன், சர்வே எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.