போலியோவுக்குச் சொட்டும் ஊசியும் ஒன்றாகப் போடுவது ஏன்?

காசிமேட்டு அப்பா:
வணக்கம். 6 வாரம் நிறைந்த என் மகளுக்கு, சுகாதார நிலையத்தில் போலியோ சொட்டு இரண்டு விட்டபின், வலது மேற்கையில் சிறிய ஊசி ஒன்றும் போட்டார்கள். போட்ட இடம் கொசு கடித்ததுபோல் தடித்து, பிறகு அமுங்கிவிட்டது. அதுவும் போலியோவுக்குத்தானாம். சொட்டில் உயிருள்ள வைரஸ் இருப்பதாக உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து என் மனைவிக்கு மனம் ஆறவில்லை. உயிருள்ளதை ஏன் கொடுக்க வேண்டும்? கொடுத்தபின் ஊசி எதற்கு?

பெரம்பூர் நுண்ணுயிரியலர்:
உறவினர் சொன்னது சரிதான், ஆனால் அது வலுக்குறைத்த வைரஸ். மரபுச் செய்தியைத் தாங்கும், ஏறத்தாழ 7,500 எழுத்துகள் கொண்ட ஓர் ஆர்.என்.ஏ. இழையும் அதை மூடிய புரத உறையும்தான் போலியோ வைரஸின் மொத்தச் சொத்து. இழை குடற்செல்லுக்குள் நுழைந்ததும், செல்லில் புரதம் செய்யும் ரைபோசோம்கள் அதைத் தம் வீட்டுச் சீட்டென்றே எண்ணிப் படித்து, வைரஸுக்கு வேண்டிய புரதங்களைச் செய்து கொடுத்துவிடுகின்றன. அவற்றுள் ஒன்று இழையைப் படியெடுக்கும் நொதி. எழுதியதைச் சரிபார்க்கும் பழக்கம் அதற்கு இல்லாததால், படிக்குப் படி பிழைகள் சேர்கின்றன.

சொட்டு மருந்தை உருவாக்கிய ஆல்பர்ட் சாபினுக்கு உதவியவை இந்தப் பிழைகளே. குரங்குச் செல்களில் வைரஸைத் திரும்பத் திரும்ப வளர்த்து, குடலில் பெருகினாலும் நரம்புச் செல்லில் பெருகத் திணறும் வகைகளை அவர் பொறுக்கியெடுத்தார். அவை குடலிலேயே எதிர்ப்பை உண்டாக்குவதால் நோய் பரவுவதும் தடைபடுகிறது. ஆனால் மிக அரிதாக, அதே பிழைகள் இழந்த வலுவைத் திருப்பியும் தந்துவிடலாம்.

ஊசியில் இருப்பது 1955இல் வந்த ஜோனாஸ் சால்க்கின் முறைப்படி ஃபார்மலின் என்ற வேதிப்பொருளால் செயலிழக்கச் செய்த வைரஸ். அது பெருகாது, ஆகவே மாறவும் முடியாது. குடலில் அதன் பலன் குறைவுதான் என்றாலும், இரத்தத்தில் எதிர்ப்பொருள்களை உண்டாக்கி, வைரஸ் நரம்பை எட்டாமல் காக்கிறது.

வியாசர்பாடி ஓய்வுபெற்ற செவிலியர்:
தம்பி, இன்னொரு காரணமும் உண்டு. 2016 ஏப்ரலில் சொட்டிலிருந்து இரண்டாம் வகை வைரஸை நீக்கிவிட்டார்கள். ஊசியில் மூன்று வகைகளும் இருக்கின்றன. தோலிலேயே 0.1 மில்லி மட்டும் போடுவதால்தான் அந்தத் தடிப்பு. 14ஆம் வாரத்திலும் 9ஆம் மாதத்திலும் மறுபடி போடுவார்கள், தவறவிடாதீர்கள். சொட்டு மருந்து வெயில் தாங்காது. குப்பியில் உள்ள வெப்பங்காட்டும் குறியில், வட்டத்துக்குள் உள்ள சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருக்கிறதா (வெளிறியிருந்தால் மருந்து வெப்பத்தால் கெடவில்லை) என்று அடுத்த முறை நீங்களே கேட்டுப் பார்க்கலாம்.

காசிமேட்டு அப்பா:
மிக்க நன்றி அம்மா, நன்றி ஐயா. சொட்டு வைரஸ் குழந்தையின் மலத்தில் வெளியேறுமா என்று மனைவி கேட்கிறார்.

பெரம்பூர் நுண்ணுயிரியலர்:
சில வாரங்கள் வெளியேறும். துணி மாற்றியபின் சோப்பால் கை கழுவுங்கள். குழந்தையைத் தள்ளி வைக்கத் தேவையில்லை.