அவளுக்குப் பாட்டு சேர்த்துக் கொடுக்கிறேன்: அவள் பாட்டா, என் பாட்டா?

சுருளிக்கரை:
எனக்குக் கம்பம். தை மாதம் கல்யாணம். அவள் மலையாளி, வீடு குமுளி, கட்டப்பனையில் நர்ஸ் வேலை. தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள், ஒரு வழிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அந்த நேரத்தில் கேட்க, நானே பாட்டுகளைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்துக் கொடுக்க ஆசை. இதுவரை நாற்பது பாட்டு சேர்த்திருக்கிறேன். இருபது தமிழ், இருபது மலையாளம். தமிழ்ப் பாட்டெல்லாம் நான் வருடக் கணக்காகக் கேட்பவை. மலையாளம் அப்படி இல்லை, இணையத்தில் 'சிறந்த காதல் பாடல்கள்' என்று யாரோ போட்டிருந்த பட்டியல்களிலிருந்து எடுத்தேன். நண்பன் பார்த்துவிட்டு, "பாதி நீ கேட்காத பாட்டு, இதை எப்படி நீ கொடுத்ததாகச் சொல்வாய்?" என்று கேட்டான். இரண்டு நாளாக அதே யோசனை. அவள் பாட்டைப் போடுவதா, என் பாட்டைப் போடுவதா?

அறுபது நிமிடம்:
தம்பி, உங்கள் நண்பர் பக்கம்தான் நான். 1989 முதல் ஒன்பது வருடம் உத்தமபாளையத்தில் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தேன். லிஸ்ட் எழுதிக் கொண்டு வருவார்கள், நான் இசைத்தட்டிலிருந்து கேசட்டில் ஏற்றிக் கொடுப்பேன். அறுபது நிமிட கேசட் என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம். நாலரை நிமிடப் பாட்டு ஆறு போட்டால் இருபத்தேழு ஆகிவிடும். மிச்சமிருக்கும் மூன்று நிமிடத்தில் ஏழாவதைத் திணித்தால் சரணத்தின் நடுவில் நாடா தீர்ந்துவிடும். ஆகவே மொத்தம் பன்னிரண்டு பாட்டு. யாருக்குக் கொடுத்தாலும் அந்தப் பன்னிரண்டுக்குள் சொல்லியாக வேண்டும்.

அப்போது ஒரு பையன் உரக்கடை பில்லின் பின்பக்கம் பென்சிலால் எழுதிக் கொண்டுவந்த லிஸ்ட் இன்னும் கண்ணில் நிற்கிறது. முதல் பக்கத்தின் முதல் பாட்டையே மறுபக்கத்தின் கடைசியிலும் எழுதியிருந்தான். "ஏன்டா, ஒரு பாட்டுக்கான இடம் வீணாகிறதே" என்றேன். "இல்லண்ணே, இருக்கட்டும்" என்றான். பதிவு செய்யும்போதுதான் எனக்கு உறைத்தது. கேசட்டில் முதல் பக்கம் தொடங்கும் இடமும் மறுபக்கம் முடியும் இடமும் நாடாவில் ஒரே இடம்தான், அடுத்தடுத்த தடத்தில் இருக்கும். முழுக்கக் கேட்டு முடித்துவிட்டுத் திருப்பிப் போட்டால் மறுபடி அதே பாட்டு. அந்தப் பையனுக்கு அது தெரிந்திருந்தது.

நாற்பது பாட்டை யாரும் உட்கார்ந்து கேட்க மாட்டார்கள். கேட்டே இராத இருபதைத் தூக்குங்கள். மிச்சத்திலும் பன்னிரண்டை மட்டும் வையுங்கள். உங்கள் பாட்டு, நீங்கள் சொல்லும் வரிசை. அவர் உங்களைத் தெரிந்துகொள்ளட்டும்.

ஏலக்காட்டு மகள்:
அண்ணன் சொல்வதில் பாதியைத்தான் ஒத்துக்கொள்வேன். தெரியாத பாட்டைத் தூக்க வேண்டும், சரி. அதற்காக முழுக்க உங்கள் பாட்டு என்றால் அது நீங்கள் பேசிக்கொண்டே இருப்பது மாதிரி ஆகிவிடும்.

நான் கூடலூர்ப் பெண், தமிழ். என் வீட்டுக்காரர் வண்டன்மேடு, மலையாளி. 2006இல் நிச்சயம் ஆனதும் ஒரு சிடி கொடுத்தார். பதினெட்டுப் பாட்டு, பதினெட்டும் மலையாளம். உறையில் பாட்டு வரிசையை அழகாக எழுதியிருந்தார். அந்த எழுத்து எனக்கு அப்போது படிக்க வராது. மூன்று நான்கு தடவை கேட்டேன். குரல் எல்லாம் இனிமைதான். ஆனால் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது: இவரை எனக்குத் தெரிகிறது, என்னை இவருக்குத் தெரியுமா?

மகள் பிறந்த வருடம் இன்னொன்று கொடுத்தார், என் போனில் ஏற்றி. ஆறே பாட்டு. அதில் மூன்றாவதைக் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சின்ன வயதில் லீவு நாட்களில் அம்மாவோடு ஏலத் தோட்டத்துக்கு ஜீப்பில் போவேன். விடியும் முன்னே கிளம்பும், பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள், டிரைவர் கொடைக்கானல் பண்பலை 100.5 வைத்திருப்பார். அப்போது கேட்ட பாட்டு அது. நான் இவரிடம் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. என் அம்மாவிடம் அவருக்குத் தெரிந்த தமிழில் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். சுருளிக்கரை, அவள் வீட்டில் யாரிடமாவது பேசினீர்களா?

ஜீப் நம்பர் 7:
இவ்வளவு யோசிக்க வேண்டுமா அண்ணே? இரண்டு பேரும் பாட்டு சேர்க்கிற மாதிரி ஒரே பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். இன்றைக்கு நீங்கள் ஒன்று, நாளைக்கு அவர்கள் ஒன்று. நானும் என் ஆளும் அப்படித்தான் வைத்திருக்கிறோம், இருநூறைத் தாண்டிவிட்டது. இரவு எத்தனை மணிக்கு என்ன பாட்டு சேர்த்தாள் என்று பார்த்தாலே அன்றைக்கு அவள் நாள் எப்படிப் போனது என்று எனக்குத் தெரிந்துவிடும். யார் பாட்டு என்ற சண்டையே இல்லை.

அறுபது நிமிடம்:
அது நல்ல பழக்கம் தம்பி, செய்யுங்கள். ஆனால் அது மளிகை லிஸ்ட் மாதிரி, தீரத் தீரச் சேர்ப்பது. இவர் கேட்பது வேறு, ஒரு நாள் கையில் வைத்துக் கொடுக்கிற பொருள். அதற்கு முதலும் முடிவும் வேண்டும். அப்புறம், காசு கட்டாவிட்டால் பாட்டுக்கு நடுவே விளம்பரம் வரும். மலைப் பாதையில் சிக்னல் போனால் பாட்டும் போகும். ஃபைலாகவே கொடுங்கள்.

தங்கச்சி, உங்கள் கதை மனதைத் தொட்டது. இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். அந்தப் பதினெட்டுப் பாட்டைக் கேட்கவில்லை என்றால் இவர் யார் என்ற அடையாளம் உங்களுக்கு எப்படிக் கிடைத்திருக்கும்? முதலில் தன்னைக் காட்டினார், பிறகு உங்களைத் தேடினார். சுருளிக்கரை இப்போது நிற்பது முதல் படியில்.

ஏலக்காட்டு மகள்:
அந்த சிடி அலமாரியில் ஒரு வருடம் தூங்கியது அண்ணே. ஆறு பாட்டு வந்த பிறகுதான் அதை எடுத்து, அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து வரி வரியாக அர்த்தம் கேட்டேன். வரிசை மாறி நடந்தது. முதலிலேயே இரண்டு பாட்டு எனக்காக இருந்திருந்தால் அந்த ஒரு வருடம் மிச்சம்.

மலையாளப் பாட்டு பழக்கமில்லை என்று சுருளிக்கரை எழுதியதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம் பக்கத்தில் அதைச் சொல்லக் கூடாது. பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா மலையாளத்திலும் எத்தனையோ படங்களுக்கு இசையமைத்தவர். எம்.எஸ். விஸ்வநாதன் பாலக்காட்டு எலப்புள்ளியில் பிறந்தவர். ஆந்திராவில் பிறந்த ஜானகியம்மாவின் நான்கு தேசிய விருதுகளில் இரண்டு தமிழுக்கு, ஒன்று மலையாளத்துக்கு, ஒன்று தெலுங்குக்கு. ஜேசுதாஸ், சித்ரா குரலைக் கேட்டுத்தானே நாம் எல்லோரும் வளர்ந்தோம்? உங்களுக்கு ஏற்கெனவே பிடித்த குரலையே பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போங்கள். சும்மா பட்டியலைப் பார்த்து அள்ளாதீர்கள்.

திருத்தணிக்காரன்:
குறுக்கே பேசுகிறேன், மன்னிக்கவும். என் மனைவி நகரி, தெலுங்கு. நான் சேர்த்துக் கொடுத்ததில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இருபது விநாடி என் குரல் வரும். இந்தப் பாட்டை எங்கே கேட்டேன், ஏன் வைத்தேன் என்று என் தெலுங்கில் பேசியிருப்பேன். விடிகாலை மொட்டை மாடியில் போனில் பதிந்தது, பின்னால் காக்கைச் சத்தம் கேட்கும். இப்போது பாட்டைத் தள்ளிவிட்டு அந்தப் பேச்சை மட்டும் போட்டுக் கேட்கிறாள்.

சுருளிக்கரை:
பத்து நாள் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி, குறிப்பாக அக்காவுக்கு.

இணையத்தில் எடுத்த இருபதையும் அன்றைக்கே அழித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் பாட்டியிடம், இவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது என்ன பாடுவாள் என்று கேட்டேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. பிறகு மடியில் கிடந்த முறத்தை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு வரி பாடினார். பழைய மலையாளப் பாட்டு. வரியைப் போனில் பதிந்து வந்து தேடினேன், ஜானகியம்மா பாடியது. ஒரு வாரமாகத் தோட்டத்துக்குப் போகும்போதும் வரும்போதும் அதையே கேட்டேன். இப்போது அது என் பாட்டும்தான்.

என் பாட்டு பன்னிரண்டு, இது பதின்மூன்றாவது. பழைய பாட்டு சன்னமாகவும் புதுப் பாட்டு காதைக் கிழிப்பதாகவும் இருந்ததால் சத்தத்தை எல்லாம் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தேன். ஒரு பிரச்சினை மட்டும் இருக்கிறது: மெமரி கார்டில் ஏற்றினால் 1, 10, 11, 12, 13, அப்புறம்தான் 2 என்று வரிசை குலைகிறது.

ஜீப் நம்பர் 7:
பெயருக்கு முன்னால் 01, 02 என்று இரண்டு இலக்கமாகப் போடுங்கள் அண்ணே. கார்டைச் சுத்தமாக அழித்துவிட்டு, அதே வரிசையில் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். சில பிளேயர் பெயரைப் பார்க்காது, ஏற்றிய வரிசையில்தான் பாடும். எங்கள் ஜீப்பில் இருப்பது அந்த மாதிரிதான்.

ஏலக்காட்டு மகள்:
அவள் பாட்டைக் கடைசியிலா வைத்தீர்கள்? முதலில் வையுங்கள். பஸ் ஏறி உட்கார்ந்ததும் அது வரட்டும்.

அறுபது நிமிடம்:
கடைசியில்தான் இருக்க வேண்டும் தங்கச்சி. கட்டப்பனை ஸ்டாண்டில் இறங்கி வார்டுக்குள் போகும்போது காதில் அதுதான் நிற்கும்.

சுருளிக்கரை:
01ஆகவும் அதுதான், 14ஆகவும் அதுதான். மொத்தம் ஒரு மணி மூன்று நிமிடம் வருகிறது. நாளை காலை குமுளி ஸ்டாண்டில் கொடுக்கிறேன்.