வீடு கட்ட இன்ஜினியர் பிடித்த கதை: உங்களுடையதையும் சொல்லுங்கள்

விருதுநகர் பக்கம்:

2022-ல் 1,150 சதுர அடியில் தரைத்தளம் மட்டும் கட்டினேன். சொந்தக்காரர் ஒருத்தர் கைகாட்டிய இன்ஜினியர். பிளான், எஸ்டிமேட், லோனுக்கு வேண்டிய காகிதம், கட்டுமானம் எல்லாமே அவர்தான். "பிளானுக்குத் தனியா காசு வேண்டாம் சார், வேலையை நம்மகிட்டயே குடுத்துருங்க" என்றார். எனக்கும் இனித்தது. சதுர அடி 2,100 ரூபாய், மொத்தம் 24,15,000. அக்ரிமென்ட் ஒரே பக்கம். எந்தக் கம்பெனி சிமென்ட், எந்தக் கம்பெனி கம்பி என்பதெல்லாம் அதில் இருந்தது. போர்டிகோ முழு ரேட்டா அரை ரேட்டா, மாடிப்படிக்கு மேல் வரும் ஹெட்ரூம் கணக்கில் வருமா, தண்ணித்தொட்டியும் செப்டிக் டேங்கும் யார் செலவு என்று ஒரு வரி கிடையாது. கேட்கத் தெரிந்தால்தானே.

பணம் கொடுத்த விதம் அதைவிடக் கூத்து. அட்வான்ஸ் 20 சதவீதம், பேஸ்மட்டத்துக்கு 20, லிண்டலுக்கு (கதவு ஜன்னலுக்கு மேல் போடும் கான்கிரீட் பட்டை) 20, ரூஃப் கான்கிரீட்டுக்கு 25, பூச்சுக்கு 10, சாவி வாங்கும்போது 5. ரூஃப் போட்ட அன்று 20,52,750 அவர் கைக்குப் போய்விட்டது. மிச்சம் 3,62,250-ல் பூச்சு, டைல்ஸ், கதவு ஜன்னல், வயரிங், பாத்ரூம் சாமான், பெயின்ட் அத்தனையும் முடிய வேண்டும். ரூஃப் போட்டால் வீடு பாதிதான் முடிந்த கணக்கு என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். அதற்கப்புறம் ஆள் வரவில்லை. போன் போட்டால் "கொத்தனார் ஊருக்குப் போயிருக்கான் சார்". நாலு மாசம் கழித்து எக்ஸ்ட்ரா பில்லோடு வந்தார். போர்டிகோ 120 சதுர அடி முழு ரேட்டில் 2,52,000, தொட்டி தனி, ஹெட்ரூம் தனி. கிரகப்பிரவேசப் பத்திரிகை அடித்தாயிற்று, வேறென்ன செய்ய? கொடுத்தேன்.

இப்போது மாடி எடுக்கலாம் என்று இருக்கிறேன். நீங்கள் யாரைப் பிடித்தீர்கள், எப்படிக் கொடுத்தீர்கள்?

கோயம்புத்தூர்:

நாங்க 2023-ல கட்டுனோமுங்க. இன்ஜினியர் தனி, மேஸ்திரிக்கு லேபர் கான்ட்ராக்ட், சாமான் நாங்களே வாங்கிக் குடுத்தோம். டிராயிங்குக்கு ஒரு தொகை, அப்புறம் வந்து பார்க்கற ஒவ்வொரு தடவைக்கும் 1,500. எப்பெப்ப வரோணும்னு முன்னாடியே எழுதிக்கிட்டோம். மூடுனா திரும்பப் பார்க்க முடியாத வேலை எல்லாத்துக்கும் அவரு வரோணும், அவ்வளவுதான்: கடக்கால் தோண்டி முடிச்சதும், பில்லருக்கு அடில வர்ற ஃபுட்டிங் கம்பிக்கு, பில்லருக்கு, பேஸ்மட்டத்துல பில்லரையெல்லாம் இணைக்கற பிளிந்த் பீமுக்கு, ரூஃபுக்கு.

ரூஃப் அன்னைக்குக் காலைல ஆறரைக்கே வந்துட்டாருங்க. மிக்ஸர் மெஷின் நிக்குது, ஆளுங்க டீ குடிச்சிட்டிருக்காங்க. பால்கனி வெளிய நீட்டிக்கிட்டிருக்கற எடத்துல மேல் கம்பியெல்லாம் ஆள் மிதிச்சு மிதிச்சு அடில போய்க் கெடந்துச்சு. "இது மேல இருந்தாத்தான் பால்கனி நிக்கும், அடில கெடந்தா கம்பி போட்டும் போடாத மாதிரிதான்"னு சொல்லி, முட்டுக்கம்பி வச்சுத் தூக்கிக் கட்டற வரைக்கும் கான்கிரீட் போட விடலீங்க. கம்பி அடிப்பலகைல ஒட்டாம இருக்க வெக்கற கவர் பிளாக்குக்கு பதிலா ஜல்லிக்கல்லு வச்சிருந்தாங்க, அதையும் மாத்தச் சொல்லிட்டாரு. மேஸ்திரிக்கு மூஞ்சி செவந்துபோச்சு. "இருவது வருசமா இப்படித்தான் போட்டுட்டிருக்கறனுங்க"ன்னாரு. ரெண்டு மணி நேரம் ஆளும் மெஷினும் சும்மா நின்ன காசு எங்க தலைலதான். மேஸ்திரி ரெண்டு நாள் எங்கூடப் பேசவே இல்லீங்க.

மொத்தம் 11 தடவை வந்தாரு, 16,500 ஆச்சு. எங்க சமையக்கட்டுச் சிம்னி அதைவிட வெல.

சென்னைப் புறநகர்:

என்கிட்ட ஒரு இன்ஜினியர் "அப்ரூவலுக்கு ஒண்ணேகால் லட்சம்"னு மொத்தமா கேட்டார். இதுல அரசாங்கத்துக்குப் போறது எவ்வளவு, உங்க ஃபீஸ் எவ்வளவுன்னு பிரிச்சுக் கேட்டா ஒரே மழுப்பல். 2024 ஜூலையில இருந்து 2,500 சதுர அடிக்குள்ள மனை, 3,500 சதுர அடிக்குள்ள வீடுன்னா, விதிப்படிதான் கட்டறேன்னு நாமளே உறுதி கொடுக்கற சுயசான்று முறையில ஆன்லைன்லயே உடனே அனுமதி வாங்கலாம். நானே ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து போட்டேன். கட்டணம் எவ்வளவுன்னு திரையிலயே வந்துடுச்சு, ரசீதும் என் பேர்ல. டிராயிங்குக்கு மட்டும் வேற ஒருத்தருக்குக் கொடுத்தேன்.

திருநெல்வேலி:

இன்ஜினியரே இல்லாமக் கட்டுனவன் நான் ஒருத்தன்தான் போல. எங்க மாமா மேஸ்திரி. லோனுக்காவ பிளானும் எஸ்டிமேட்டும் மட்டும் ஒருத்தர்ட்ட காசு குடுத்து வாங்குனோம், அவரு எடத்தைக்கூட வந்து பாக்கல. பத்து வருசம் ஆச்சு, செவுத்துல ஒரு கீறல் கெடையாது. மாடிப்படிதான் கொஞ்சம் கோளாறு, கடைசிப் படி மத்த படிய விட ரெண்டு இஞ்சு ஒசரம். எங்களுக்குக் காலு பழகிட்டு. வாற விருந்தாளிதான் தடுக்கி விழுதாவ.

தஞ்சாவூர், தொழிலில் இருப்பவன்:

எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்டுங்கள். மேற்பார்வைக்கு 3 சதவீதம் கேட்டால் "சும்மா வந்து பார்த்துட்டுப் போறதுக்கா?" என்கிறார்கள். அதே வீட்டில் வாஸ்துக்காரர் கேட்டதைத் தட்டில் வைத்துக் கொடுக்கிறார்கள். அவர் பேச்சைக் கேட்டு, ஃபுட்டிங் போட்ட பிறகு பில்லரை ரெண்டடி நகர்த்தச் சொன்னவர் உண்டு. நகர்த்தினால்தான் பணம் என்றும் சொன்னார். ஃப்ரீ பிளான் சமாசாரமும் இப்படித்தான்: அந்தக் காசைக் கம்பியிலோ சிமென்ட்டிலோ எடுக்காமல் அந்த இன்ஜினியர் எங்கே போய் எடுப்பார்?

கம்பி என்றதும் ஒன்று. லாரியிலிருந்து இறக்கும்போதே எடை பாருங்கள். கம்பியின் விட்டத்தை, மில்லிமீட்டரில், அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 மி.மீ. கம்பி 12 மீட்டர் நீளத்துக்கு 10.6 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் இருக்க வேண்டும். ரொம்பக் குறைந்தால் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள்.

விருதுநகர் சார், ஃபீஸ் பேச்சு இருக்கட்டும். கீழே போட்ட ஃபுட்டிங் மாடிக்கும் சேர்த்துப் போட்டதா? மண் டெஸ்ட் எடுத்தீர்களா? உங்கள் பக்கம் கரிசல், மழையில் ஊதும், வெயிலில் வெடிக்கும். எங்கே எந்தக் கம்பி எத்தனை என்று காட்டும் ஸ்ட்ரக்சரல் டிராயிங் கையில் இருக்கிறதா? அப்ரூவல் பிளானைக் காட்டாதீர்கள், அதில் அறை அளவுதான் இருக்கும்.

விருதுநகர் பக்கம்:

மண் டெஸ்ட் எடுக்கவில்லை. டிராயிங்கும் இல்லை. பழைய இன்ஜினியரிடம் கேட்டேன். "மாடிக்கும் சேத்துத்தான் போட்டேன் சார், தைரியமா எடுங்க" என்றார். காகிதம் கேட்டால், கம்ப்யூட்டர் மாற்றிவிட்டாராம்.

சிவகாசியில் வேறொருவரைப் பிடித்திருக்கிறேன். ஒரு தடவை வந்து பார்க்க 2,000. கட்டுகிற வேலையை எடுக்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார், அதனால்தான் பிடித்தேன். கம்பி கட்டினபோது போட்டோ எடுத்தீர்களா என்று போனிலேயே கேட்டார். நான் எடுக்கவில்லை. ஆனால் அப்பா தினமும் சாயங்காலம் குழி ஓரத்தில் நின்று போட்டோ எடுத்து, துபாயில் இருக்கும் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தார். தம்பி தேடி 43 படம் அனுப்பியிருக்கிறான். பாதிப் படத்தில் அப்பாவின் வேட்டிதான் தெரிகிறது. மீதியில் கம்பி எண்ணுகிற மாதிரி நாலைந்து தேறும். சிவகாசிக்காரர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். மூலை ஃபுட்டிங் ஒன்றைத் தோண்டிப் பார்க்க வேண்டுமாம், ரெண்டு ஆளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.