கோட்டையூரில் ஏழு நாள், பினாங்கில் ஆறு இரவு: எது செலவு?

வளவுவீட்டுக்காரன், சென்னை

போன டிசம்பரில் பிள்ளையார் நோன்புக்காகக் காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் பூட்டிக் கிடக்கும் எங்கள் பூர்வீக வீட்டைத் திறந்தோம். நான், மனைவி, 14 வயதில் மகள், 10 வயதில் மகன். ஏழு நாள் இருந்தோம். திரும்பி வந்து ஐந்தொகை, அதாவது வரவு செலவுக் கணக்கு, போட்டுப் பார்த்தால் (அப்பச்சி, என் அப்பா, ஏற்படுத்திவிட்ட பழக்கம், விட முடியவில்லை) 1,54,000 ரூபாய் நிற்கிறது. அதற்கு முந்தைய மே மாதம் இதே நான்கு பேர் மலேசியாவில் பினாங்கு போய் வந்தோம். ஆறு இரவு. அந்தக் கணக்கு 1,28,000. சொந்த ஊரில், சொந்த வீட்டில், வாடகை ஒரு காசு கொடுக்காமல் இருந்ததற்கு 26,000 ரூபாய் அதிகம்!

கோட்டையூர்க் கணக்கு: சென்னையிலிருந்து ஓட்டுநருடன் வாடகைக் கார், படி, சுங்கம் எல்லாம் சேர்த்து 41,000. வீடு கூட்டித் துடைக்க மூன்று பெண்கள், இரண்டு நாள், 4,200. கிணற்று மோட்டார் 6,500. மின்வேலை 2,300. கூரை ஓடு மாற்றியதில் எங்கள் பங்கு 18,000. தண்ணீர் இல்லாத முதல் இரவுக்குக் காரைக்குடியில் இரண்டு அறை, 11,200. சமையலுக்கு ஆளும் கையாளும் 17,500. மளிகை, காய், கறி, பால், கேஸ் 21,000. கோவில், நோன்பு, உறவினர் வீடுகளுக்குச் செய்முறை 14,000. கண்டாங்கிச் சேலையும் சில்லறைச் சாமான்களும் 12,000. சீடை, மாவுருண்டை, அதிரசம் செய்து கட்டிக்கொண்டு வந்தது 6,300.

பினாங்கு: கோலாலம்பூர் வரை விமானம் 62,000. அங்கிருந்து பட்டர்வொர்த் வரை ரயில், பிறகு ஃபெரி, போக வர 10,000. தங்கல் 24,000. சாப்பாடு 16,000. உள்ளூர்ப் போக்குவரத்து 6,500. மலை ரயில் முதலான நுழைவுக் கட்டணங்கள் 9,500. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு மலேசிய விசா தேவையில்லை என்பதால் அந்தச் செலவும் கிடையாது.

இனி நோன்புக்கு ஏன் ஊருக்கு வர வேண்டும் என்று மனைவி கேட்கிறாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

பேரேடு, தேவகோட்டை

ஐந்தொகை என்று சொல்லிவிட்டு இப்படி எழுதினால் உங்கள் அப்பச்சி மன்னிக்க மாட்டார். மோட்டார், மின்வேலை, ஓடு, இந்த மூன்றும் 26,800. இவை விடுமுறைச் செலவா, சொத்துப் பராமரிப்பா? நீங்கள் அந்த வாரம் ஊட்டிக்குப் போயிருந்தாலும் பங்காளிகள் ஓட்டுப் பங்கைக் கேட்டு வாங்கியிருப்பார்கள். மூன்றையும் கழித்தால் கோட்டையூர் 1,27,200. பினாங்கைவிட 800 ரூபாய் குறைவு. விவாதம் முடிந்தது.

வளவுவீட்டுக்காரன்

முடியவில்லை அண்ணே. ஓடு பராமரிப்பு என்று வைத்துக்கொள்வோம். மோட்டார்? நாங்கள் வராமல் இருந்திருந்தால் அந்த வீட்டில் தண்ணீருக்கு என்ன வேலை? வந்து சுவிட்சைப் போட்டதும் புகை வந்தது. வந்ததால் வந்த செலவு அது.

பள்ளத்தூர் ஆச்சி

தம்பி, மோட்டார் ஓடியதால் எரியவில்லை. ஓடாததால் எரிந்தது. பதினொரு மாதம் சும்மா கிடந்து பேரிங் இறுகிப்போயிருக்கும். சுவிட்சைப் போடும் முன் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தீர்களா? நான் தனி ஆள், எட்டு அறை வீட்டில் இருக்கிறேன். இரண்டாம் கட்டில் புழங்குகிறவர்கள் யாரும் இல்லாவிட்டாலும் வெள்ளிக்கிழமை தோறும் அங்கே குழாயைத் திறந்து மூடுவேன், விளக்கைப் போட்டு அணைப்பேன். அதற்கும் மின்கட்டணம் வருகிறது. அதை நான் எந்தக் கணக்கில் எழுத வேண்டும் என்று பேரேடு சொல்லட்டும்.

கோவைக்காரி

நான் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) இல்லை, ஊரில் வீடும் இல்லை. எங்களைப் போன்றவர்களுக்குச் செட்டிநாடு என்றால் விடுதிதான். பொங்கல் வாரம் நானும் கணவரும் பழைய வீட்டை விடுதியாக மாற்றிய ஓர் இடத்தில் இரண்டு இரவு தங்கினோம். அறை நாளுக்கு 9,500. வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி 18 சதவீதம், ஆக 22,420. இரவுச் சாப்பாடு தலைக்கு 1,400. அறையில் வெந்நீர் வர இருபது நிமிடம். திருச்சியிலிருந்து கொழும்பு விமானத்தில் ஒரு மணி நேரத் தூரம்தான். அடுத்த முறை அங்கே போகலாம் என்று கணவர் சொல்லிவிட்டார். சொந்த வீடு வைத்திருப்பவர்கள் 800 ரூபாய்க்குச் சண்டை போடுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

ஆத்தங்குடிக்கல்

நான் அப்படி ஒரு விடுதியில் வேலை பார்க்கிறேன் (நீங்கள் தங்கியதா என்று கேட்கவில்லை). வெந்நீருக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சுவர்களுக்குள் குழாய் பதிக்க யாரும் நினைத்துக் கட்டவில்லை, எல்லாம் வெளியே சுற்றி வருகிறது. ஆனால் 9,500 ஏன் என்று கேளுங்கள். எங்களிடம் பன்னிரண்டு அறை. அறைக்கு ஆள் வருவது கார்த்திகை முதல் மாசி வரை. சித்திரை வெயிலில் வளவில், அந்த நடு முற்றத்தில், காக்கை மட்டும்தான் வரும். பன்னிரண்டு மாதமும் சம்பளம் போக வேண்டும். தரையில் ஒரு கல் விரிசல் விட்டால் கடையில் போய் இன்னொரு கல் வாங்கிப் பதிக்க முடியாது. பழைய வண்ணத்துக்கு ஒத்துப்போக, ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்துக் கையால் கலவையை ஊற்றிச் செய்து வாங்க வேண்டும். இருநூறு அறை உள்ள கடற்கரை விடுதியோடு பன்னிரண்டு அறை வீட்டை ஒப்பிட்டால் நாங்கள் எப்போதும் தோற்போம்.

கோவைக்காரி

காரணம் சரி. ஆனால் அறை எடுப்பவர் காரணம் பார்த்தா எடுக்கிறார்? ஆடி மாதம் 5,000க்குக் கொடுங்கள், வருகிறேன்.

ஆத்தங்குடிக்கல்

ஆடியில் 5,500க்கே கொடுக்கிறோம். யாரும் கேட்பதில்லை.

காரைக்குடி ஓட்டுநர்

எல்லோரும் மோட்டாரிலேயே நிற்கிறீர்கள். அந்தப் பட்டியலில் பெரிய தொகை எது? கார், 41,000. அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. வெளியூர் வாடகைக்கு ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர் என்று குறைந்தபட்சம் போட்டுத்தான் வாங்குவார்கள். கார் வீட்டு வாசலில் நின்றாலும் அந்தக் கணக்கு ஓடும், ஓட்டுநர் படியும் ஓடும். ஏழு நாளில் வண்டி உண்மையில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது ஐயா?

வளவுவீட்டுக்காரன்

1,130. பில் வந்தது 2,100க்கு.

காரைக்குடி ஓட்டுநர்

அதுதான். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, கானாடுகாத்தான் எல்லாம் காரைக்குடியைச் சுற்றிப் பதினைந்து கிலோமீட்டருக்குள். பல்லவன் ரயிலில் எழும்பூரில் பிற்பகல் ஏறினால் இரவு காரைக்குடி. ஏசி இருக்கையிலேயே போனாலும் நான்கு பேருக்குப் போக வர ஆறாயிரத்தைத் தாண்டாது. இங்கே ஐந்து நாளுக்கு உள்ளூர் வண்டி 12,500. நாற்பத்தோராயிரம் பதினெட்டாயிரத்து ஐந்நூறாகிவிடும். என் வண்டிக்கு விளம்பரம் செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம், நோன்பு வாரத்துக்கு என் வண்டி இப்போதே நிரம்பிவிட்டது.

வளவுவீட்டுக்காரன்

பல்லவனில் இடம் கிடைத்தால் நான் ஏன் காரைத் தேடுகிறேன்? காத்திருப்புப் பட்டியல் 140க்கு மேல்.

பேரேடு

ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. பினாங்கு டிக்கெட்டை எத்தனை மாதத்துக்கு முன் எடுத்தீர்கள்?

வளவுவீட்டுக்காரன்

நான்கு மாதம்.

பேரேடு

பினாங்குக்கு நான்கு மாதம் முன்னால் உட்கார்ந்து விலை பார்க்கிறீர்கள். ஊருக்கு மட்டும் கடைசி வாரத்தில் கிளம்புகிறீர்கள். பிறகு ஊர் செலவு வைக்கிறது என்கிறீர்கள். இதை எந்தத் தலைப்பில் எழுதுவது, சோம்பல் என்றா?

போகட்டும், பினாங்குப் பக்கம் வருவோம். வெளிநாட்டவருக்கு அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. ரிங்கிட் இருபது ரூபாய்ச் சொச்சம். ஆறு இரவுக்கு 1,200. உங்கள் பட்டியலில் காணோம். சென்னையில் விமான நிலையத்துக்கு நடந்தா போனீர்கள்? ஊரில் சேலை வாங்கியதை எழுதிய கை, பினாங்கில் வாங்கியதை ஏன் எழுதவில்லை?

வளவுவீட்டுக்காரன்

சுற்றுலா வரி விட்டுப்போயிற்று, ஒப்புக்கொள்கிறேன். டாக்சி போக வர 2,400. வாங்கியது... ஜாதிக்காய்த் தைலம் பன்னிரண்டு குப்பி, சாக்லேட், மகளுக்கு ஒரு பை. 9,000. மனைவி இதைப் படிக்கிறாள், அதனால் சரியாகவே எழுதுகிறேன். பினாங்கு இப்போது 1,40,600.

ஆனால் பாஸ்போர்ட் கட்டணத்தைச் சேர்க்கச் சொல்லாதீர்கள். பெரியவர்களுக்கு 1,500 கட்டி எடுத்தால் பத்து வருடம் செல்லும்.

பேரேடு

பத்து வருடப் பாஸ்போர்ட்டை ஒரு பயணத்தில் எழுதக் கூடாது என்று தெரிகிறது. நூறு வருடக் கூரை ஓட்டின் செலவை ஒரு நோன்பில் எழுதலாமா?

தண்ணீர்மலைப் பேரன், பினாங்கு

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் பாட்டையா இங்கே கிட்டங்கிக்கு (செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய கட்டடம்) வந்தவர், நாங்கள் இங்கேயே தங்கிவிட்டோம். உங்களுக்கு ஒரு செய்தி: இங்குள்ள லங்காவித் தீவுக்குப் போவதைவிட எல்லை தாண்டித் தாய்லாந்தில் ஹாட்யாய் போவது மலிவு என்று இங்கேயும் இதே சண்டைதான், ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்கும் நடக்கிறது. நீங்கள் மலிவு என்று வருகிற பினாங்கு எங்கள் சம்பளத்துக்கு மலிவு இல்லை. வந்தபோது எங்கள் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போனீர்களா? தைப்பூசத்துக்கு முந்தின நாள் இழுக்கும் வெள்ளி ரதம் உங்கள் காரைக்குடிப் பக்கத்தில் செய்து 1894இல் கப்பலில் வந்தது.

வளவுவீட்டுக்காரன்

போனோம் ஐயா. உண்மையைச் சொன்னால் அதற்காகத்தான் போனோம். எங்கள் ஐயா (தாத்தா) பினாங்குக் கிட்டங்கியில் ஒரு கைப்பெட்டியின் முன் உட்கார்ந்து மூன்று வருடம் கணக்கு எழுதியவர். பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரில் ஒரு பழைய கட்டடத்துக்குள் நுழைந்ததும் என் மகன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அப்பா, நம் வீட்டு முகப்பு மாதிரியே இருக்கிறது" என்றான். அவன் கோட்டையூர் வீட்டைப் பார்த்தது அதற்கு முன் ஒரே முறை, ஒரு கல்யாணத்தில். அதனால்தான் டிசம்பரில் ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

வந்த அன்று மாலை பெரிய கதவைத் திறக்க முடியவில்லை. சாவி ஒரு சாண் நீளம். மகனிடம் கொடுத்தேன், இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினான், அசையவில்லை. பக்கத்து வீட்டு அம்மா சாவித்துவாரத்தில் தேங்காய் எண்ணெய் விட்டார். பிறகு அதே எண்ணெயைத் துணியில் நனைத்துத் தரையிலும் ஓர் இடத்தில் தேய்த்துக் காட்டினார். சாம்பல் பிடித்திருந்த கல்லில் சிவப்பும் பச்சையும் எழுந்து வந்தன. மகள் அடுத்த இரண்டு நாளும் ஃபோனை வைத்துவிட்டுத் தரையைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கூலியைக் கழிக்க வேண்டும் என்று பேரேடு சொன்னாலும் சொல்வார்.

பேரேடு

கழிக்கத்தான் வேண்டும். சொந்த உழைப்பு.

கோவைக்காரி

இதைத்தான் நாங்கள் 9,500 கொடுத்துப் பார்த்தோம். ஆனால் தேய்க்க விடவில்லை.

பள்ளத்தூர் ஆச்சி

தம்பி, ஓட்டு விஷயத்துக்கு வருகிறேன், அதை யாரும் சரியாகச் சொல்லவில்லை. மழைக்கு ஓடு விலகுவது ஒரு நாளில் நடப்பதில்லை. குரங்கு நடந்து ஒன்று நகரும். அன்றைக்கே ஆளை ஏற்றி நகர்த்தி வைத்தால் ஆயிரம் ரூபாயில் முடியும். யாரும் பார்க்காவிட்டால் ஐப்பசி மழை உள்ளே இறங்கிச் சட்டத்தைப் பிடிக்கும், அதன் பின்னால் கரையான் வரும். உங்கள் பங்கே 18,000 என்றால் எல்லாப் பங்காளிகளும் சேர்ந்து எவ்வளவு கொடுத்திருப்பார்கள்? ஆக, அது நீங்கள் ஊருக்கு வந்த ஏழு நாளின் செலவு இல்லை. வராத நாட்களின் செலவு. பினாங்கில் இருந்த ஆறு நாளும் அதில் அடக்கம்.

பேரேடு

ஆச்சி சொல்வதுதான் சரியான பற்றுக் கணக்கு. வீட்டைப் பூட்டிவிட்டுப் போவதற்கும் வாடகை இருக்கிறது.

காரைக்குடி ஓட்டுநர்

இன்னொன்று. ஊரில் செலவான பணத்தில் சமையல்காரர், துடைத்த பெண்கள், ஓட்டு வேலைக்காரர், மோட்டார் மெக்கானிக், எல்லோரும் நாலு கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள்.

வளவுவீட்டுக்காரன்

அது தர்மக் கணக்கு. நான் கேட்டது செலவுக் கணக்கு. இரண்டையும் கலக்க வேண்டாம் அண்ணே.

இன்று காலை உட்கார்ந்து மறுபடி எழுதினேன். மின்வேலையை எடுத்துவிட்டேன். மோட்டாரை விட மாட்டேன், அது ஊர்க் கணக்கிலேயே நிற்கிறது. ஓட்டுச் செலவை இரண்டாகப் பிரித்தேன், 9,000 கோட்டையூருக்கு, 9,000 பினாங்குக்கு. ஆக கோட்டையூர் 1,42,700. பினாங்கு 1,49,600. ஊர் 6,900 குறைவு. காரை மாற்றினால் இன்னும் குறையும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மனைவி மட்டும் ஒப்பவில்லை. ஓட்டுச் செலவை எப்படிப் பினாங்குக் கணக்கில் எழுதலாம், உலகத்தில் எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார் என்று கேட்கிறாள்.

பேரேடு

நான் போடுகிறேன். ஒரு சந்தேகம் மட்டும். 21,000இல் கேஸ் சிலிண்டர் முழுதும் எழுதியிருக்கிறீர்கள். ஏழு நாளில் ஒரு சிலிண்டர் தீராது. மிச்சத்தை இருப்பில் காட்டவில்லையே?

வளவுவீட்டுக்காரன்

வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கு ஃபோன் செய்திருக்கிறேன். தூக்கிப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்.