கமலா சோஹோனி: ராமன் கதை தெரியும், ஆராய்ச்சி என்ன?

கெமிஸ்ட்ரிலேப்:
கல்லூரி மகளிர் தின விழாவில் உயிர்வேதியியல் விஞ்ஞானி கமலா சோஹோனி பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எங்கே தேடினாலும் ஒரே கதைதான். 1933-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் விண்ணப்பித்தார், இயக்குநராக இருந்த சர் சி.வி. ராமன் பெண் என்பதால் மறுத்தார், இவர் விடாப்பிடியாக நின்று இடம் வாங்கினார். சரி, உள்ளே போன பிறகு என்ன ஆராய்ச்சி செய்தார்? யாராவது விளக்குங்களேன்.

மைட்டோ:
முனைவர் பட்ட ஆய்விலிருந்து ஆரம்பியுங்கள். கேம்பிரிட்ஜில் ராபின் ஹில் ஆய்வுக்கூடத்தில் உருளைக்கிழங்கை வைத்து வேலை பார்த்தார். செல் உணவை எரித்து ஆற்றல் எடுக்கும்போது எலக்ட்ரானை ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் கொடுக்கிற சின்னப் புரதம் சைட்டோக்ரோம் சி. தாவரத் திசுவிலும் அது இருக்கிறது, தாவரங்களின் சுவாசத்தில் அதற்கும் பங்குண்டு என்று காட்டினார். ஆய்வேடு வெறும் 40 பக்கம்தான் என்பார்கள், 1939-ல் பட்டம்.

ஒன்று மட்டும் கவனம். 'அறிவியலில் டாக்டர் பட்டம் வாங்கிய முதல் இந்தியப் பெண்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள், சென்னையில் படித்த ஜானகி அம்மாள் 1931-லேயே மிச்சிகனில் தாவரவியலில் வாங்கிவிட்டார்.

பயறுக்குழம்பு:
எனக்கு அவருடைய பிற்கால வேலைதான் பிடிக்கும். ஊர் திரும்பி டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் துறைத்தலைவர், அப்புறம் நம்ம குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் (இப்போது ஹைதராபாத்தில் இருக்கிறதே, அதேதான்) உதவி இயக்குநர், கல்யாணத்துக்குப் பிறகு பம்பாய் அறிவியல் கழகம். அங்கே மாணவர்களோடு சேர்ந்து பயறு வகைகளைப் பிடித்துக்கொண்டார். நம் குடலில் புரதத்தை வெட்டும் நொதி ட்ரிப்சின், அதை முடக்குகிற பொருள் பல பயறுகளில் இருக்கிறது, வேகவைத்தால் பெரும்பாலும் செயலிழந்துவிடும். வேகாத பயறு வயிற்றைப் படுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீரா ஆராய்ச்சியும் உண்டு. குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் சொல்லித் தொடங்கியது. நீரா என்றால் நம்ம பதநீர் மாதிரி, புளிக்காத பனைச்சாறு. ஊட்டச்சத்துக் குறைந்த பழங்குடி வளரிளம் பருவத்தினருக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுத்துப் பார்த்ததில் உடல் தேறியது, அதற்குக் குடியரசுத் தலைவர் விருதும் கிடைத்தது.

பழையதாள்:
ராமன் மேல் இவ்வளவு கோபம் எதற்கு? கடைசியில் சேர்த்துக்கொண்டாரே.

மைட்டோ:
எப்படிச் சேர்த்தார் என்பதையும் பாருங்கள் ஐயா. முதல் வருடம் முறையான மாணவி கிடையாது, வழிகாட்டி சொன்னால் ராத்திரியிலும் வேலை செய்ய வேண்டும், ஆண் ஆய்வாளர்களின் கவனம் கலையக் கூடாது. கூட இருந்த எந்த ஆணுக்கும் இந்த நிபந்தனை இல்லை. ஒரு வருடத்தில் வேலையைப் பார்த்துத் திருப்தியாகி மற்ற பெண்களையும் அனுமதித்தார், அதை நானும் மறுக்கவில்லை. ஆனால் ராமன் பெரிய விஞ்ஞானி, மனசுதான் குறுகியது என்ற பொருளில் கமலாவே வயதான காலத்தில் மேடையில் பேசியிருக்கிறார்.

கெமிஸ்ட்ரிலேப்:
நன்றி எல்லோருக்கும். ராமனை ரெண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டுப் பயறுக்கும் பதநீருக்கும் போய்விடுகிறேன். ஓய்வுக்குப் பிறகு என்ன செய்தார்?

பயறுக்குழம்பு:
இந்திய நுகர்வோர் வழிகாட்டுச் சங்கத்தில் தீவிரமாக இருந்தார், 1982-83-ல் தலைவர். உணவுக் கலப்படம்தான் அங்கே அவருடைய முக்கிய வேலை, 'கீமத்' என்ற அவர்களுடைய பத்திரிகையிலும் எழுதினார். 1998-ல் டெல்லியில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அவரைக் கௌரவித்த விழாவிலேயே மயங்கி விழுந்து, கொஞ்ச நாளில் காலமானார்.