நாலாங்கிளாஸுக்கு சமூக அறிவியல்: புத்தகமா, தெருவா?

பாலாத்தங்கரை: என் பொண்ணு நாலாவது படிக்கிறா. வேலூர்ப் புரட்சி எப்போன்னா, 1806 ஜூலை 10ன்னு டக்குனு சொல்றா. எங்க நடந்துச்சுன்னா முழிக்கிறா. வாராவாரம் அது நடந்த வேலூர்க் கோட்டை அகழியை ஒட்டித்தான் பஸ்ல போறோம்! இப்படிச் சொல்லிக் கொடுத்து என்ன பிரயோஜனம்?

வாலாஜா வாத்தியார்: தேதியாவது தெரியுதேன்னு சந்தோஷப்படுங்க. எங்களுது ஈராசிரியர் பள்ளி. ஒருத்தர் பயிற்சிக்குப் போயிட்டா அஞ்சு வகுப்பும் என் தலையில. தமிழ், கணக்கு, எமிஸ் பதிவு (மாணவர் விவரத்தை அரசு இணையதளத்துல ஏத்துறது) எல்லாம் முடிஞ்சு மிச்சம் இருந்தா சமூக அறிவியல். கோட்டைக்குக் கூட்டிட்டுப் போனா ஐஸ் வண்டிதான் ஞாபகம் இருக்கும். ஆறாவதுல கேக்குறது தேதியும் பேரும்தான்.

வேலூர் டீச்சரம்மா: வெளியே போகணும்னே இல்ல சார். போன வருஷம் வகுப்புல "வடக்கு எது?"ன்னேன். பாதிப் பேர் கூரையைக் காட்டினாங்க. சுவத்து மேப்புல வடக்கு மேலதானே இருக்கு, அவங்க மேல தப்பில்ல. கழட்டித் தரையில விரிச்சு, காட்பாடிப் பக்கமா திருப்பி வெச்சேன். பாலம் தாண்டினா காட்பாடி, அதான் வடக்கு. உடனே ஒருத்தன், "பாலாறு ஏன் மிஸ் நீலமா இருக்கு, அங்க மணல்தானே?"ன்னான். 2021 நவம்பர் வெள்ளத்தைப் பாத்தவ ஒருத்தி அவன்கூட சண்டைக்கே போயிட்டா.

வாலாஜா வாத்தியார்: நல்லாத்தான் இருக்கு. பாடம் எப்ப முடியும்?

வேலூர் டீச்சரம்மா: வேலூர்ப் புரட்சியையே எடுத்துக்குங்க. புதுத் தலைப்பாகை போடு, நெத்தியில விபூதி நாமம் கூடாது, தாடியை மழின்னு சிப்பாய்ங்களுக்கு வெள்ளைக்கார அதிகாரிங்க உத்தரவு, அதுலதான் புரட்சியே வெடிச்சுது. இதை ஒன்பது வயசுப் பிள்ளைகிட்ட சொன்னா, "எதுக்கு மிஸ் எடுக்கணும்?"னு கோவமா கேக்கும். அப்புறம் 1806ன்னு சொல்லுங்க, ஒட்டிக்கும்.

வாலாஜா வாத்தியார்: மாவட்டப் பாடம்? 2019ல வேலூரைப் பிரிச்சு ராணிப்பேட்டை, திருப்பத்தூர். இதுல யாருக்குக் கோவம் வரும்?

வேலூர் டீச்சரம்மா: பழைய கல்யாணப் பத்திரிகை கொண்டு வரச் சொல்லுங்க. 1989க்கு முன்னாடி அடிச்சதுல வட ஆற்காடுன்னு இருக்கும். உங்க ஊர்ல தாத்தாவுக்கு வட ஆற்காடு, அப்பாவுக்கு வேலூர், பையனுக்கு ராணிப்பேட்டை. வீடு அதே வீடு.

வாலாஜா வாத்தியார்: ம்... செலவில்லாத வேலை, செஞ்சு பாக்குறேன். மேப்பை விரிக்கிறதுதான் ஆகாது. எங்களுதுல எலி கடிச்சு கேரளாவே இல்ல.

பாலாத்தங்கரை: பரண்ல எங்க அப்பா அம்மா பத்திரிகை கிடைச்சுது. மஞ்சக் கறைக்கு நடுவுல "வ.ஆ. மாவட்டம்". "வ.ஆ.ன்னா யாருப்பா?"ன்னு கேக்குறா.